இரவல் இருதயம்

2016ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில், அப்பொழுது முதலமைச்சராயிருந்த ஜெயலலிதா சென்னை வைத்தியசாலையொன்றில் உயிருக்குப் போராடியபோது, 'எக்மோ' என்ற சொல் தமிழ்நாட்டின் டீக்கடைகளில்கூட அடிபட்டது. பின்னர் கொரோனா நோய் பரவிய 2020, 2021ஆம் வருஷங்களில் அச்சொல் மேலும் பல வீடுகளுக்குள் நுழைந்தது. உடம்பிலுள்ள இரத்தத்தை வெளியே வாங்கி, அதில் பிராணவாயுவைச் சேர்த்து, மறுபடியும் உடம்புக்குள் செலுத்தும் யந்திரம் அது என்று ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். அவ்யந்திரம் எங்கிருந்து வந்தது, அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று கேட்பாரைத்தான் நாம் அதிகமாகக் காணவில்லை. அக்கேள்வியை இன்று நாமே எழுப்பி, நாமறிந்த வரையில் விடையும் சொல்ல முன்வந்தோம்.

பாடப் புத்தகங்கள் தரும் விடை சுருக்கமானது. 1953ஆம் வருஷம் மே மாதம் 6ந் தேதி, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில், டாக்டர் ஜான் கிப்பன் என்னும் ரண வைத்தியர் 18 வயதுள்ள ஒரு மாணவியின் இருதயத்துக்குள் இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். அவ்வேலை நடந்தபோது 26 நிமிஷங்கள் அவளுடைய இரத்தவோட்டம் முழுவதையும் ஒரு யந்திரமே தாங்கி நின்றது. அவள் பிழைத்தாள். இவ்வளவும் உண்மையே. ஆயினும், தீர்ப்பின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு வழக்கு முழுவதும் தெரிந்துவிட்டதென்று சொல்லும் கட்சிக்காரரை நாம் கோர்ட்டுகளில் நிரம்பப் பார்த்திருக்கிறோம். இந்த ஒரு தேதியோடு திருப்தியடைகிறவர்களும் அவரைப் போன்றவர்களே. சாட்சியங்களைப் புரட்டிப் பார்த்தால் கதை வேறு விதமாயிருக்கிறது.

இருதயத்தைத் திறந்து தைப்பதற்கு ஏன் இத்தனை பாடு என்று வாசகர்கள் கேட்கலாம். குடலைத் திறந்து தைக்கும் வைத்தியனுக்கு இருதயம் மட்டும் என்ன தனி என்று தோன்றும். தனிதான். வளர்ந்த மனிதனுடைய இருதயம் அவன் சும்மா படுத்திருக்கும்போதே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை உடம்பெங்கும் செலுத்துகிறது. இவ்வோட்டம் நாலைந்து நிமிஷம் நின்றாலும் மூளை கெடத் தொடங்குகிறது. எனவே, அந்த வேலையை வேறொன்று இரவலாக ஏற்றுக்கொண்டாலன்றி, வைத்தியன் இருதயத்துக்குள் நிதானமாகக் கைவைக்க வழியில்லை. தள்ளுவதற்கு ஒரு பம்பு செய்துவிடலாம். கிணற்றுக்கே பம்பு வைத்துவிட்ட காலம். கஷ்டமெல்லாம் நுரையீரலின் பங்கில் இருக்கிறது. காற்றும் இரத்தமும் சந்திக்கும்படி நுரையீரலுக்குள் மடிந்து கிடக்கும் மெல்லிய பரப்பை விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வருமென்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு நடுத்தர வீட்டின் தரை முழுவதையும் மூடும் பரப்பு. அத்தனை பரப்பை ஒரு பெட்டிக்குள் அடக்குவது எங்ஙனம்? காற்றை நேரே இரத்தத்தில் ஊதினாலோ நுரை பொங்குகிறது. அந்நுரை மூளைக்குப் போய்விட்டால் நோயாளியின் கதை முடிந்தது. பம்பை வேகமாக ஓட்டினால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் நசுங்கிப் போகின்றன. இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, இரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்து கண்ணாடியையோ உலோகத்தையோ தொட்டவுடனே உறையத் தொடங்குகிறது.

1896ஆம் வருஷத்தில் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில வைத்தியர், இருதயத்தோடு ரண சிகிச்சையானது இயற்கை வகுத்த எல்லைக்கு வந்துவிட்டது என்று தம் புஸ்தகத்தில் எழுதினார். அதே வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து லுட்விக் ரேன், கத்திக்குத்துப் பட்ட ஒருவனுடைய இருதயத்தைத் தைத்துப் பிழைக்க வைத்தார். முடியாது என்று எழுதப் புகுவோர் சற்றே பொறுத்து எழுதுவது நலம். எனினும், ரேன் தைத்தது வெளிச்சுவரை, உள்ளே புகவில்லை.

யோசனை மட்டும் முன்னமே பிறந்துவிட்டது. 1812ஆம் வருஷத்திலேயே பாரிஸ் நகரத்து லெ காலுவா என்பவர், இருதயத்துக்குப் பதிலாகச் சுத்த இரத்தத்தை இடைவிடாமல் செலுத்த முடியுமானால் உடம்பின் எந்த அங்கத்தையும் உயிரோடு வைத்திருக்கலாம் என்று எழுதினார். 1885ஆம் வருஷத்தில் லைப்ஸிக் நகரில் பான் பிரே, குரூபர் என்ற இருவர், சுழலும் உருளையொன்றின்மேல் இரத்தத்தை மெல்லிய படலமாக ஓடவிட்டுப் பிராணவாயு ஏற்றும் யந்திரத்தைச் செய்தார்கள். அதைத் தனி அங்கங்களின் ஆராய்ச்சிக்குத்தான் உபயோகிக்க முடிந்தது. இரத்தம் உறைவதற்குப் பரிகாரமில்லாத வரையில் மனிதனைக் கிட்டவே முடியாது.

பரிகாரம் கிடைத்த விதம் வேடிக்கையானது. 1916ஆம் வருஷத்தில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஜே மக்லீன் என்ற வைத்திய மாணவர், இரத்தத்தை உறையச் செய்யும் சத்தைத் தேடும்படி ஏவப்பட்டார். தேடிய இடத்தில், உறையவிடாமல் தடுக்கும் சத்து ஒன்று அகப்பட்டது. நாயின் ஈரலிலிருந்து எடுத்த அதைப் பின்னர் அவருடைய ஆசிரியர் ஹவல் ஆராய்ந்து, 1918இல் 'ஹெபரின்' என்று பெயரிட்டார். கனடாவில் டொரான்டோ நகரத்து ஆராய்ச்சியாளர் அதைச் சுத்திசெய்து, மனிதருக்குக் கொடுக்கும் தகுதிக்குக் கொண்டுவர 1930க்கு மேலாயிற்று.

ஹெபரினுக்குக் காத்திராமலே ருஷியாவில் ஒருவர் துணிந்து இறங்கினார். மாஸ்கோவில் செர்கே புருகோனென்கோ, 'ஆட்டோஜெக்டர்' என்ற யந்திரத்தை 1920களில் செய்தார். இரண்டு பம்புகள், நுரையீரலுக்குப் பதிலாக வேறொரு நாயின் உடம்பிலிருந்து எடுத்த நுரையீரல், உறையாமலிருக்க ஒரு ஜெர்மன் மருந்து. 1928ஆம் வருஷத்தில் அவர் வித்துவான்கள் சபையில், உடம்பினின்று பிரிக்கப்பட்ட நாயின் தலையை உயிரோடு வைத்துக் காட்டினார்; அது ஒலிக்கும் ஒளிக்கும் அசைந்தது. 1940இல் இதைப்பற்றி ஒரு சினிமாப் படமும் வெளிவந்தது. அதற்கு முகவுரை பேசியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன், பின்னாளில் 1957இல் நமது தேசத்தில் குடியேறி, இந்தியப் பிரஜையாகவே 1964இல் புவனேசுவரத்தில் காலமான அதே விஞ்ஞானிதான். உடம்பற்ற நாய்த்தலையின் பயங்கரக் காட்சியில் உலகம் மயங்கி, விஷயத்தின் சாரத்தை விட்டுவிட்டது என்பது நமது அபிப்பிராயம். அந்த யந்திரத்தைக் கொண்டு தெரெபின்ஸ்கி என்ற வைத்தியர் நாய்களின் இருதயக் கதவுகளைத் திறந்து சிகிச்சை செய்ததை வெளியுலகத்தில் அநேகர் கேள்விப்படவே இல்லை.

இனி, பாஸ்டன் நகரத்துக்கு வருவோம். 1930ஆம் வருஷத்தையொட்டி, மாஸசூஸெட்ஸ் பொது வைத்தியசாலையில் பித்தப்பை ரண சிகிச்சை செய்துகொண்ட ஒரு ஸ்திரீக்கு, இரண்டு வாரம் கழிந்தபின் நுரையீரலுக்குப் போகும் பெருநாளத்தில் இரத்தக்கட்டி வந்து அடைத்துக்கொண்டது. தலைமை வைத்தியர் சர்ச்சில், அக்கட்டியை எடுக்கும் அபாயமான சிகிச்சையை எல்லா நம்பிக்கையும் போன பிறகே செய்வதென்று தீர்மானித்து, இளைஞரான கிப்பனைக் காவல் வைத்தார். கிப்பன் 17 மணி நேரம் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்த்துக்கொண்டேயிருந்தார். நரம்புகள் பருத்தன, இரத்தம் கருத்தது, மூச்சுத் திணறிற்று. காலையில் இரத்த அழுத்தம் அளக்க முடியாதபடி வீழ்ந்ததும் சர்ச்சில் மார்பைத் திறந்து ஆறரை நிமிஷத்தில் கட்டிகளை எடுத்தார். அம்மாள் பிழைக்கவில்லை. அந்த இரவில் ஒரே எண்ணம் தம்மைப் பற்றிக்கொண்டதாகக் கிப்பன் பிற்காலத்தில் பன்முறை சொல்லியிருக்கிறார்: கருத்த இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வாங்கி, சிவக்கச் செய்து, மறுபடி உள்ளே செலுத்த முடிந்திருந்தால் இவள் பிழைத்திருப்பாளே என்பதுதான் அது.

பெரியவர்களில் ஊக்கம் கொடுத்தவர் அரிது. சர்ச்சிலே அரைமனத்தோடுதான் இடம் கொடுத்தார். கூட நின்றவர் ஒருவர், சர்ச்சிலிடம் பரிசோதனை உதவியாளராயிருந்து கிப்பனை மணந்துகொண்ட மேரி அம்மையார். யந்திரத்தைப் பூட்டுவதும், சோதனைப் பிராணிக்கு மயக்கம் கொடுப்பதும், அளவுகளைக் குறிப்பதும் அவ்வம்மையாருடைய வேலை. சரித்திர நூல்கள் அவர் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பாதி உழைப்புக்குப் பாதிப் புகழ்தான் நியாயம். சோதனைக்குப் பூனைகள் வேண்டியிருந்தன. பணமில்லை. ஆதலால் கிப்பன் இரவில் மீன்துண்டும் கோணிப்பையும் எடுத்துக்கொண்டு தெருவில் திரிந்து பூனை பிடித்தார். அவர் சொன்ன கணக்குப்படி, பாஸ்டனில் பிராணிவதைத் தடுப்புச் சங்கமே அக்காலத்தில் வருஷத்துக்கு 30,000 தெருப்பூனைகளைக் கொன்றுவந்தது. ஜீவகாருண்யமுள்ள நமது வாசகர்கள் முகம் சுளிப்பார்கள். இதைப் படித்தபோது நாமும் சுளித்தோம். 1935 மே 10ந் தேதி ஒரு பூனையின் நுரையீரல் நாளத்தை முழுவதும் திருகி அடைத்த பின்னும் இரத்த அழுத்தம் குறையவில்லை, யந்திரம் தாங்கிற்று. புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு அந்தப் பரிசோதனைச்சாலையில் கூத்தாடினார்களாம்.

பூனைக்கும் மனிதனுக்கும் இடையே நீண்ட வழி. யுத்தம் வந்து கிப்பனை ராணுவ வைத்தியத்துக்கு இழுத்துச் சென்றது. திரும்பிவந்து 1946இல் பிலடெல்பியாவில் ஜெபர்ஸன் வைத்தியக் கல்லூரியில் அமர்ந்தார். மாணவர் ஒருவர் மூலமாக 'இன்டர்நேஷனல் பிஸினஸ் மெஷின்ஸ்' கம்பெனியின் தலைவர் தாமஸ் வாட்ஸனுடைய அறிமுகம் கிடைத்தது. கணக்கு யந்திரம் செய்யும் அக்கம்பெனி தன் எஞ்சினீயர்களையும் பணத்தையும் கொடுத்தது. கிப்பனுடைய சகாக்கள் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தார்கள். வழவழப்பான தகட்டில் இரத்தம் ஓடுவதைவிட, கம்பிவலையின்மேல் ஓடினால் அது புரண்டு புரண்டு அதிகப் பிராணவாயுவைக் குடிக்கிறது. ஆகவே மெல்லிய எஃகு வலைகளைச் செங்குத்தாக வரிசையாய்த் தொங்கவிட்டு, அவற்றின் இரு புறமும் இரத்தம் படலமாக வழியும்படி செய்தார்கள். இரத்தத்தை நகர்த்தியதோ, குழாயைச் சக்கர உருளைகளால் பிழிந்து தள்ளும் பம்பு. மைக்கேல் டிபேக்கி என்னும் வைத்தியர் 1934இல் இரத்ததானத்துக்காக வழக்கத்துக்குக் கொண்டுவந்தது அது.

இப்பொழுதுதான் கணக்குப் புஸ்தகத்தின் துக்கமான பக்கங்கள் வருகின்றன. மனிதருக்கு முதலில் யந்திரம் பூட்டியவர் கிப்பன் அல்லர். 1951 ஏப்ரல் 5ந் தேதி மின்னஸோட்டா சர்வகலாசாலையில் கிளாரன்ஸ் டென்னிஸ் என்பவர் ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு அவ்விதம் செய்தார். உள்ளே திறந்து பார்த்தால், எதிர்பார்த்ததைவிடச் சிக்கலான கோளாறு. குழந்தை இறந்தது. அடுத்த குழந்தை, தொட்டியில் இரத்தம் வற்றியதைக் கவனியாததால் காற்று உட்புகுந்து இறந்தது. 1952ஆம் வருஷத் தொடக்கத்தில் கிப்பனுடைய முதல் நோயாளி, 15 மாதக் குழந்தை. இருதயத்துக்குள் ஓட்டையென்று நம்பித் திறந்தார்கள், ஓட்டையே இல்லை. கோளாறு இருதயத்துக்கு வெளியே இரு நாளங்களுக்கிடையில் இருந்ததென்பது பிரேத பரிசோதனையில் தெரிந்தது. யந்திரம் தவறவில்லை, தவறியது அக்காலத்து நோய் நிதானம். அந்த 1952 ஜூலை 3ந் தேதி டெட்ராய்ட் நகரில் டாட்ரில் என்பவர் இருதயத்தின் இடது பாதிக்கு மட்டும், மோட்டார் கார் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செய்துகொடுத்த 12 சிலிண்டர் பம்பைப் பூட்டி, சுமார் 50 நிமிஷம் ஓட்டி, 41 வயது மனிதனைப் பிழைக்க வைத்தார். இங்கே நோயாளியின் சொந்த நுரையீரலே வேலை செய்தது. செப்டம்பர் 2ந் தேதி மின்னஸோட்டாவில் ஜான் லூயிஸ் யந்திரமே இல்லாமல், ஐந்து வயதுப் பெண்ணின் உடம்பைக் குளிரச் செய்து, இரத்தவோட்டத்தை ஐந்தரை நிமிஷம் நிறுத்தி, ஓட்டையைத் தைத்துவிட்டார். குளிர்ச்சியால் கிடைப்பது சில நிமிஷங்களே. பெரிய கோளாறுகளுக்கு அது போதாது.

1953 மே 6ந் தேதியின் வெற்றியும் நூலிழையில் வந்தது. ஹெபரின் போதாமற் போய், வலைகளில் இரத்தம் உறையத் தொடங்கிவிட்டது. பெண் பிழைத்தது பாக்கியம். அவ்வருஷம் ஜூலை மாதத்தில் கிப்பன் மேலும் இரண்டு குழந்தைகளுக்கு யந்திரம் பூட்டினார், இருவரும் மாண்டனர். உடனே அவர் நிறுத்திவிட்டார். தம் யந்திரத்தை ஒரு வருஷம் மனிதருக்கு உபயோகிப்பதில்லையென்று முடிவு செய்தவர், தாமே இருதய ரண சிகிச்சைக்குத் திரும்பவுமில்லை. ஏறக்குறைய 23 வருஷ உழைப்பின் பலனாகிய அந்த வெற்றியை மின்னஸோட்டா வைத்தியப் பத்திரிகையில் 1954இல் ஒரு கட்டுரையாக எழுதியதோடு அமைந்தார்.

யந்திரம் தோற்றுவிட்டதென்று பலரும் கைவிட்ட அந்தச் சமயத்தில்தான் இந்தச் சரித்திரத்தின் மிகத் துணிச்சலான அத்தியாயம் நடந்தது. மின்னஸோட்டாவில் வால்டன் லில்லிஹை என்பவர், கர்ப்பத்திலிருக்கும் சிசுவுக்குத் தாயின் உடம்பே இருதயமும் நுரையீரலுமாய் உதவுவதைக் கண்டு, அதே முறையை மேஜையின்மேல் கொண்டுவரலாமென்று நினைத்தார். 1954 மார்ச் 26ந் தேதி ஓர் ஆண் குழந்தையையும் அதன் தந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, குழாய்களால் பிணைத்தார். குழந்தையின் கருத்த இரத்தம் தந்தையின் உடம்புக்குள் சென்று சிவந்து, குழந்தைக்குத் திரும்பியது. ஓட்டை மூடப்பட்டது. 11 நாட்கள் கழித்து அக்குழந்தை நிமோனியாவால் இறந்தது. லில்லிஹை நிற்கவில்லை. 1955 மத்தி வரையில் 45 நோயாளிகளுக்கு இவ்விதம் செய்தார். அவர்களில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர். அதுவரையில் வைத்திய உலகம் மூடி வைத்துவிட்டுப் போன கோளாறுகள் அவை.

இங்கே நமது தொழிற் புத்தி குறுக்கிடுகிறது. ஒரே ரண சிகிச்சையில் இரண்டு உயிர்களைப் பணயம் வைக்கும் முறை இது என்று அக்காலத்து வைத்தியர்களே கண்டித்தார்கள். குழந்தைக்காகச் சம்மதம் கொடுப்பவர் தகப்பனார். தமக்காகச் சம்மதம் கொடுப்பவரும் அவரே. சாகும் குழந்தையைக் காட்டிக் கேட்கப்படும் சம்மதம் சுயேச்சையான சம்மதமா என்று ஒரு வக்கீல் குறுக்கு விசாரணை செய்தால் விடை சொல்வது எளிதன்று. இரவல் கொடுத்தவர் யாரும் இறக்கவில்லை. ஆனால் ஒரு தாய்க்குக் காற்றுக் குமிழ் உட்சென்று மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டது. டென்னிஸையும் கிப்பனையும் லில்லிஹையையும் கூண்டில் ஏற்றினால் நாம் விடுதலை செய்வோமா? குழந்தைகளின் விஷயத்தில், செய்வோம். அவர்களுக்கு வேறு கதியில்லை. சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலோருக்கு அற்பாயுளே. மேலும் டென்னிஸ் தம்முடைய தோல்வியை மறைக்கவில்லை. அவ்வருஷமே சகாக்கள் படிக்கும் பத்திரிகையில் அச்சிட்டுக் கொடுத்தார். இறந்தவர்களைக் கணக்கில் காட்டுகிறவனுக்கும் மறைக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் பெரிதாக மதிக்கிறோம். ஆனால், ஆரோக்கியமாக நடந்து வந்து அப்படிக் கெட்டுப்போன அத்தாயின் விஷயத்தில் நமது மனம் இன்றளவும் சமாதானமடையவில்லை. அவளுக்கு நஷ்டஈடு எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

கிப்பன் நிறுத்திய இடத்தில் அவர் யந்திரத்தை எடுத்தவர், ராச்செஸ்டர் என்ற ஊரிலுள்ள மேயோ வைத்தியசாலையின் ஜான் கிர்க்லின். அவருடைய முறை வேறு. கிப்பனிடமிருந்து வரைபடங்களை வாங்கி, யந்திரத்தைத் திருத்திக் கட்டி, நாய்களில் சோதித்துவிட்டு, எட்டு நோயாளிகளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்தார். முதல் ஏழு பேர் இறந்தாலும் எட்டாவது சிகிச்சையைச் செய்வதென்று நிர்வாகிகளுடைய சம்மதத்தையும் பெற்றுக்கொண்டார். கல்நெஞ்சமென்று தோன்றும். நாம் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு மரணத்துக்கும் பிறகு மனம் இடிந்து நிறுத்துவதும், மறுபடி ஆசை மேலிட்டுத் தொடங்குவதுமாக இருந்தால் யாதொன்றும் கற்க முடியாது. இத்தனை பேரென்று முதலிலேயே வரம்பு கட்டிக்கொண்டவர், அவ்வரம்பைத் தாண்டுவதில்லையென்றும் தம்மைக் கட்டிக்கொண்டவரே. 1955 மார்ச் 22ந் தேதி தொடங்கினார். எண்மரில் நால்வர் பிழைத்தனர். எட்டுப் பேருடைய விவரத்தையும் அவ்வருஷமே அச்சிட்டார்.

சுமார் 90 மைல் தூரத்தில் லில்லிஹை சும்மாயிருப்பாரா? மனிதனை மனிதனுக்குப் பூட்டுவதைவிட மலிவான வழி வேண்டுமென்று ரிச்சர்ட் டிவால் என்ற இளைஞரை ஏவினார். பழைய ஆராய்ச்சிகளைப் படித்து மனத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் புத்தகசாலைப் பக்கமே போகாதே என்று கட்டளையிட்டாராம்! குமிழியே கூடாதென்று எல்லாரும் அஞ்சி ஓடியிருக்க, டிவால் குமிழியையே கருவியாக்கினார். நிமிர்ந்த குழாயொன்றில் பிராணவாயுவைக் குமிழ் குமிழாக விட்டு இரத்தத்தைச் சிவக்கச் செய்தார். பிறகு நுரையை அடக்கும் பொருள் பூசிய அறை வழியாக அனுப்பி, சுருள் சுருளாகச் சுற்றிய குழாயில் கீழே இறங்க விட்டார். குமிழுள்ள இரத்தம் லேசானது, மேலே தங்குகிறது. குமிழற்றது கனமானது, அடியில் சேர்கிறது. உணவுப் பண்டத் தொழிற்சாலைகளில் வழங்கும் பிளாஸ்டிக் குழாயே மூலப்பொருள். ஒரு தடவை உபயோகித்துவிட்டு எறிந்துவிடலாம். 1955 மே 13ந் தேதி இது மனிதருக்கு உபயோகப்பட்டது. பெரும் கம்பெனியின் செல்வம் பெற்ற கிப்பன் யந்திரத்தைச் செய்துகொள்ள முடியாத ஊர்களிலெல்லாம் இருதய சிகிச்சை பரவியதற்கு இந்த மலிவான குழாய்ச் சுருள் ஒரு முக்கிய காரணமாயிற்று.

பிற்காலத்தில் குமிழும் போயிற்று. இரத்தமும் வாயுவும் ஒன்றையொன்று தொடாமல் நடுவே மெல்லிய சவ்வு நிற்கும் கருவிகள் வந்தன. சிறுநீரக யந்திரம் செய்த ஹாலந்து தேசத்து வில்லெம் கோல்ப், அவ்யந்திரத்தின் சவ்வைக் கடந்து வந்த இரத்தம் சிவந்திருப்பதைப் பார்த்ததே இதற்கு ஒரு வித்து. சவ்வு இரத்தத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லையாதலால் மணிக்கணக்கு நாட்கணக்காயிற்று. 1971இல் டாக்டர் டானல்ட் ஹில் கலிபோர்னியாவில் விபத்தில் சிக்கிய ஓர் இளைஞனை மூன்று நாட்களுக்கு மேல் யந்திரத்தில் வைத்துக் காப்பாற்றினார். நாம் முதலில் சொன்ன 'எக்மோ' என்பது இதன் வழித்தோன்றல்.

கிப்பன் தம் நோயாளியை மறக்கவில்லை. 1963இல், பத்து வருஷம் நிறைந்தபோது, அந்தப் பெண்ணும் அவரும் பழைய யந்திரத்தின் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 1973 பிப்ரவரி 5ந் தேதி கிப்பன் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கையில் மாரடைப்பால் காலமானார். வயது 69. அந்தப் பெண்மணி அவருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்திருந்தார்.